சனிக்கிழமை சூப்

முதலில் ஒரு விடுகதை. என் மகள் எனக்குப் போட்டது.

“ஏழு பேர் ஒரே கூடையில குடியிருந்தாங்க. ஆறு நாள் அவங்களை யாரும் கண்டுக்கலை. ஏழாம் நாள் எல்லாரும் சேர்ந்து வெந்நீர்ல குளிச்சாங்க. அப்பா மட்டும் கைதட்டினாரு. அது என்ன?”

விடை கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகாது. மகளுக்கு வயது எட்டு, எனக்கு நாற்பத்திரண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெயிண்ட், பசை, வார்னிஷ் அடுக்கி வைக்கும் ஒரு கிடங்குக்கு நான் பொறுப்பாளர். எங்கள் கிடங்கில் ஒரே சட்டம்தான். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புது டின் வந்தால் பின்வரிசைக்குப் போகும். பழைய டின் முன்வரிசைக்கு நகரும். பதினெட்டு வருடத்தில் ஒரு டின்கூட என் கையில் உறைந்து போனதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வீட்டில் இரண்டு பேருக்கும் அது மனப்பாடம்.

ஒரு திங்கள்கிழமை, பள்ளிக்கூட நர்ஸிடமிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு ரத்தச்சோகை. எடையும் குறைவு. கீரை, பருப்பு, முட்டை, காய்கறி எல்லாம் தினமும் சாப்பிட வேண்டும். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.

அந்த மாதம்தான் கிடங்கில் ஓவர்டைமை நிறுத்தியிருந்தார்கள்.

என் மனைவி சீருடை தைக்கும் கடையில் தையல் வேலை செய்கிறாள். புதன்கிழமை மாலை, ஒரு பட்டனைத் தைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

“இந்தப் பணத்துல வயித்தை ரொப்பலாம்ங்க. உடம்புக்கு ஆகிற மாதிரி தினமும் ராத்திரிச் சாப்பாடு போடறதுதான் கஷ்டம்.”

“பணம் போதும். நிர்வாகம்தான் போதலை.”

ஊசி நின்றது. “என்ன போதலை?”

“நிர்வாகம். சனிக்கிழமை சூப்பையே எடுத்துக்கோ. ஒரே கிண்ணத்துல ஏழு காய்! எந்த வீடு தாங்கும்?”

“ரெண்டு கிண்ணம் குடிச்சிட்டுக் கை தட்டுவீங்களே?”

“தட்டுவேன். இருந்தாலும் குழந்தைக்காக அந்த சூப்பை நான் தியாகம் பண்றேன்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்ப ரெண்டு மாசம் ராத்திரிச் சமையலை நீங்களே பண்ணுங்களேன். அதே பணம். நான் கிச்சன் பக்கமே வரலை.”

“பண்றேன்!”

“ரெண்டு மாசம் கழிச்சு யாரு சமையல் வேணும்னு குழந்தையே சொல்லட்டும். அவ சொல்றதுதான் முடிவு.”

“சொல்லட்டும்!”

இரண்டு முறையும் நான் ஆச்சரியக்குறி போட்டுத்தான் பேசினேன். அவள் முற்றுப்புள்ளி வைத்துப் பேசினாள். அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு காய்க்கும் தேதி எழுதிய சீட்டு ஒட்டினேன். முன்வரிசை, பின்வரிசை எல்லாம் தயார். மகள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அந்த விடுகதையைப் போட்டாள்.

“அப்புறம் சொல்றேன், கண்ணு. அப்பா வேலையா இருக்கேன்.”

மறுநாளிலிருந்து மனைவி மாலை ஆறு மணியானால் பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள். “கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வர்றேன்.” எட்டு மணிக்குத் திரும்புவாள். வீட்டில் வேலை குறைந்ததால் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நடக்கப் போகிறவளுக்குப் பை எதற்கு என்று நினைக்கவில்லை.

முதல் வாரம் என் கொடி பறந்தது. அடுத்த ஞாயிறு புதுக் காய் வந்தபோது, கூடையில் பழைய காய் பாதி இருந்தது. சட்டப்படி புதிது பின்னால் போனது. திங்களன்று பழைய பீன்ஸ். செவ்வாயன்று பழைய கேரட். புதனன்று பழைய முட்டைக்கோஸ். வியாழக்கிழமைதான் புதுக் கீரையின் முறை வந்தது. அதற்குள் அது வரிசையில் நின்று நின்று பழைய கீரையாகிவிட்டது.

மூன்றாவது வாரம் எங்கள் தட்டில் பச்சையாக ஒரு இலைகூட இல்லை. வாங்கியதென்னவோ நல்ல காய்தான். பெயிண்ட் டின் வரிசையில் பொறுமையாக நிற்கும். கீரை நிற்காது. பதினெட்டு வருட அனுபவத்தில் இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

“அப்பா, இந்தக் கீரைக்கு என்ன வயசு?”

“அஞ்சு நாள்.”

“பாவம்ப்பா. படுத்துட்டே இருக்கு. எழுப்ப வேணாம்.”

தட்டின் ஓரத்தில் அதை மெதுவாக ஒதுக்கி வைத்தாள். அழுகியதைத் தூக்கிப் போட்டு வேறு வாங்கியதில், முட்டைக்கு வைத்திருந்த பணமும் கரைந்திருந்தது. ஒரு முட்டையை மூன்றாக வெட்டும் கலையை அந்த வாரம்தான் கற்றேன். சாலையைக் கடக்கும்போது மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சுலபமாகத் தொட்டுக்கொண்டன. கிடங்கில் எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரிக்கு எழுதிவிடுவேன். இதை யாருக்கு எழுதுவது?

மூன்றாவது சனிக்கிழமை மாலை. அழுகலில் சேரப் போகிறவற்றைப் பொறுக்கி எடுத்து மேடையில் வரிசையாக வைத்தேன். வதங்கிய கேரட் ஒன்று. முட்டைக்கோஸின் அடித்தண்டு. ஒரு பிடி பீன்ஸ். பூசணித் துண்டு. தொளதொளத்த தக்காளி. கீரைத்தண்டு. பாதி வெங்காயம். வழக்கப்படி எண்ணினேன்.

ஏழு.

மறுபடி எண்ணினேன். கையில் குப்பைக்கூடையோடு அப்படியே நின்றேன்.

“கண்ணு… அது சூப்பா?”

“அப்பாடா!” என்றாள் மகள்.

“உனக்கு யாரு சொன்னது?”

“அம்மா போட்ட விடுகதைதானே அது. அப்பாகிட்ட நேரா சொன்னா கேக்க மாட்டாரு, விடுகதையா கேளுன்னாங்க.”

எங்கள் வீட்டில் பைசா செலவில்லாத ஒரே சாப்பாட்டைத்தான் நான் தியாகம் செய்திருந்தேன். வாரம் முழுக்க இளசை அந்தந்த நாளில் சமைத்துவிட்டு, மிச்சம் மீதியை ஒரே பானையில் ஒப்பேற்றும் வித்தைக்கு, வாராவாரம் கை வேறு தட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே சீட்டுகளைக் கிழித்தேன். கீரை வாங்கிய அன்றே அடுப்புக்குப் போனது. தக்காளி அடுத்து. முட்டைக்கோஸும் பூசணியும் காத்திருந்தன. அவை காத்திருக்கக் கூடியவை. பருப்பைக் காலையிலேயே ஊறப்போட்டேன். கூடைக்கு மகளை டாக்டராக நியமித்தேன். தினமும் ஒவ்வொரு காயையும் அழுத்திப் பார்த்து, “இன்னைக்கு இவங்க, நாளைக்கு அவங்க, இவரு சூப்புக்கு” என்று தீர்ப்புச் சொல்வாள். கீரையை அவளே உட்கார்ந்து கிள்ளினாள். தான் கிள்ளிய கீரையை அவள் ஒதுக்கவில்லை. குப்பை குறைந்ததும் முட்டை முழுசாகத் திரும்பி வந்தது.

இரண்டு மாதம் முடிந்த சனிக்கிழமை, நர்ஸின் அடுத்த கடிதம் வந்தது. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. ரத்தமும் ஏறியிருக்கிறது. இப்படியே தொடருங்கள்.

கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். முதுகு வலித்தது. விரலில் வெங்காய வாசம் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. ஜன்னலோர நாற்காலியும் மாலைப் பேப்பரும் என்னைக் கூப்பிட்டன. குழந்தை அம்மாவைத்தானே சொல்லும்? பெருந்தன்மையாகத் தோற்பதற்கு ஒரு சின்னப் பேச்சுகூடத் தயாரித்து வைத்திருந்தேன்.

எட்டு மணிக்கு மனைவி வந்தாள். விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் தூள். பையிலிருந்து காகிதத்தில் வெட்டிய ஒரு சட்டைக்கை எட்டிப் பார்த்தது.

“இது என்ன?”

“கட்டிங் வகுப்புங்க. ஆறு மாசம். முடிச்சா கடையில கட்டிங் மாஸ்டர் வேலை தர்றேன்னிருக்காங்க. இந்தப் பணம் பத்தாதுன்னா பணத்தைத்தானே கூட்டணும்?”

வகுப்புக்குப் பணம் கட்டிய ரசீதை வாங்கிப் பார்த்தேன். தேதி பார்ப்பது என் தொழில். நர்ஸின் முதல் கடிதம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை. நான் “பண்றேன்!” என்று முழங்கியது புதன்கிழமை.

“என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

யோசித்தேன். நேர்மையாகவே யோசித்தேன். ‘அப்ப சமையல் யாரு பண்றது?’ என்றுதான் கேட்டிருப்பேன்.

“இன்னும் நாலு மாசம் இருக்கு” என்றாள், கையைக் கழுவிக்கொண்டே. குரலில் இந்த முறை முற்றுப்புள்ளி இல்லை. “ஆனா பேச்சுன்னா பேச்சுதான். குழந்தை அம்மா சமையல்னு சொன்னா, நாளையிலிருந்து வகுப்பை விட்டுடறேன்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கழுவிய கையைத் துடைக்காமல் நின்றாள்.

மூன்று கிண்ணத்தில் சூப் ஊற்றினேன். தயாரித்து வைத்திருந்த பேச்சு எனக்கு மறந்துவிட்டது. நாற்காலியும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

மகள் குடித்து முடித்தாள். கிண்ணத்தை விரலால் வழித்தாள். எழுந்து போய்க் கூடையில் பூசணியை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அப்பா சமையல்” என்றாள்.