கிராங்க் ஷாஃப்ட் வளைந்த கதை

இனி எந்த மெக்கானிக் முன்னாலும் பல்லிளித்து நிற்பதில்லை என்று சபதம் எடுத்து, கார் இன்ஜினை நானே பிரித்தேன். பிரிப்பது சுகமான வேலை. திரும்ப மாட்டத் தெரியாது என்பது கடைசி போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் உறைத்தது.

ஹாலில் கால் வைக்க இடமில்லை. சோபாவில் பிஸ்டன்கள் உட்கார்ந்திருந்தன, நாங்கள் நின்றோம். மனைவி ஆபீசுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். "எப்பங்க மாட்டுவீங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒரு போல்ட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

தெரியாது என்று சொல்வதா? மானம் என்னாவது! பழியைத் தூக்கி, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டின் தலையில் போட்டேன்.

"அது வளைஞ்சு போச்சும்மா. இன்ஜின் அவ்வளவுதான். புது வண்டிதான் வாங்கணும்."

"எப்படித் தெரியும்?"

"வளைவை அளக்கிற முள்ளு வச்ச கேஜ் இருக்கு. அதை வச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்."

"அப்ப என் கண்ணு முன்னால வச்சுக் காட்டுங்க."

பக்கத்து வீட்டு மெக்கானிக்கிடம் கேஜை இரவல் வாங்கி வந்தாள். கூடவே அவரையும் கூட்டி வந்தாள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில், பள்ளம் வெட்டிய இரண்டு இரும்புக் கட்டைகளை வைத்து, ஷாஃப்டின் இரு முனைகளையும் அவற்றின் மேல் கிடத்தினார் அவர். நடுவில் கேஜின் நுனியைத் தொட வைத்தார்.

"மெதுவா சுத்தணும். முள் ஆடலேன்னா ஷாஃப்ட் நேரா இருக்கு. ஆடுச்சுன்னா வளைஞ்சிருக்கு" என்றார்.

"நானே சுத்துறேன்" என்றாள் மனைவி.

எங்கள் மேசை மெல்லிய பலகை. விரிப்போ தரைவரை தொங்கும். அடியில் என் முழங்கால் தயாராக இருந்தது. அவள் சுற்ற, நான் பலகையை உந்த, முள் துள்ளியது. நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பார்த்தியா! பார்த்தியா!"

"ஐயையோ, ஆமாங்க! இன்னும் ஆடுதா?"

"ஆடுதாவா? கூத்தே நடக்குது!"

"இப்ப?"

"இப்பவும்தான்! பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு!"

"நான் சுத்துறதை நிறுத்தி எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். ஷாஃப்ட் சிவனே என்று கிடந்தது. முழங்காலுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. மறுபடி ஒரு உந்து உந்தியது. மெக்கானிக் சிரிப்பை அடக்க இருமினார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காதெல்லாம் சுட்டது. மேசைக்கடியிலேயே புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"எனக்கு... மாட்டத் தெரியாதும்மா."

"தெரியும்ங்க. பிரிச்ச அன்னைக்கே அண்ணன்கிட்ட சொல்லி வச்சுட்டேன். உங்க வாயால வரட்டும்னுதான் இத்தனை நாள் பஸ்ஸுல போனேன்."

அவளுடைய அண்ணனாகிவிட்ட மெக்கானிக், சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் கையில் ஒரு டார்ச்சைத் திணித்தார்.

"நீங்க வெளிச்சம் மட்டும் காட்டுங்க சார். ஆடாம."