பன்னிரண்டு மணிக்குள் ஒரு மாளிகை

"படம் முடிய மிச்சம் ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம்" என்று கணினித் திரை சொன்னபோது காலை மணி எட்டு.

வில்மர் சர்சூரி விரல் மடக்கி எண்ணினான். எப்படி எண்ணினாலும் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து நின்றது. பன்னிரண்டு மணிக்குப் படம் வியாபாரி தோன்யா எவுசேபியாவின் கையில் இருந்தாக வேண்டும்.

ஜனவரி இருபத்து நாலு, எங்கள் மலையூரில் அலசிதாஸ் என்ற பொம்மைச் சந்தை கூடும் நாள். ஆசைப்பட்ட பொருளின் குட்டி உருவத்துக்கு உச்சி வேளையில் புகை காட்டினால் வருஷத்துக்குள் அது நிஜமாகும். பன்னிரண்டு தாண்டினால் அடுத்த ஜனவரிதான். தோன்யா எவுசேபியாவுக்குப் பொம்மை வீடு போதாதாம். எல் ஆல்டோவில் கட்டப்போகும் ஆறு மாடி மாளிகையின் படமே வேண்டுமாம். படம் நேரத்துக்கு வந்தால் வில்மருக்கு அது முதல் கட்டடம். வராவிட்டால் மச்சானின் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கூவ வேண்டியதுதான். ஐந்து வருஷம் கட்டடக் கலை படித்தவன் அதை நினைத்து நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கணினியின் பிராசஸரை அதன் அளவுக்கு மேல் ஓட்டும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்தான். "நிரந்தரச் சேதம் ஏற்படலாம்" என்று எச்சரிக்கை வந்தது. கல்யாணப் பதிவேட்டைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் அவன். 'சம்மதம்' என்பதை அமுக்கி, வேகப் பட்டையை வலது கோடிக்கு இழுத்தான்.

"நியெவெஸ்! மூணு மணி நேரமாக் கொறஞ்சிடுச்சு!"

அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ இத்தன நாளா அது வேலை செய்யாம ஏமாத்திக்கிட்டு இருந்துச்சா?"

அந்த நிமிஷமே திரை நீலமாகி நின்றுபோனது. மறுபடி கிளப்பினான். இணையத்தில் ஒரு மீசைக்காரன், "மின்னழுத்தத்தைக் கூட்டு, நிக்காது" என்றான். கூட்டினான். நிற்கவில்லைதான். ஆனால் வெப்பம் தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொட்டது.

"என்ன வில்மர் இது, வீட்டுக்குள்ள விமானம் கெளம்புது?"

"விசிறி சத்தம். சூடாகுது."

"நாலாயிரம் மீட்டர் ஒசரத்துல உக்காந்துக்கிட்டு சூடாகுதுன்னு சொல்ற மொத ஆளு நீதான். வெளிய வை, வெறச்சுப்போகும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூடியைக் கழற்றிக் கணினிப் பெட்டியை மாடி முகப்பில் வைத்தான். எங்கள் ஊரில் குளிர் உண்டு, காற்று ஏது? விசிறி, புதிதாக மலையேறி வந்த வெளியூர்க்காரன் மாதிரி மூச்சு வாங்கியது. பத்து மணிக்கு ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஜனவரி வானத்தை நம்பினவனுக்கு அதுவும் வேண்டும்.

"ஐயோ, நனையுது!" என்று ஓடிவந்த நியெவெஸ், பிள்ளை சுமக்கும் கம்பளித் துணியால் பெட்டியை இறுக்கிச் சுற்றினாள்.

"என்ன பண்ற நீ?"

"காப்பாத்துறேன்."

"வேக வைக்கிற!"

துணியைப் பிரிப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. வெள்ளைச் சுவர், நேர்கோடு, அமைதி என்று ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வரைந்த மாளிகை அது. சூடேறிய பிராசஸர் தப்புக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. திரையில் வெள்ளை ஆரஞ்சானது, பிறகு கிளிப்பச்சை, கத்திரிப்பூ நிறம். ஜன்னல்கள் சாய்ந்தன. மூன்றாவது மாடி இரண்டாவதை விட்டு ஒரு முழம் விலகி நின்றது. வேகப் பட்டையைத் திருப்பி இழுத்தான். அது அசையவில்லை.

பதினொன்று பத்துக்குப் படம் முடிந்தது. பென் டிரைவில் ஏற்றிய மறு நொடி 'டப்' என்று சத்தம், கருகல் வாடை. கணினி போய்விட்டது.

வில்மர் பென் டிரைவைத் தூக்கிக் காட்டினான். "இத எப்படி நியெவெஸ் அந்தம்மா கிட்ட நீட்டுறது?"

"நீட்டு. அந்தப் புகையில யாரு உத்துப் பாக்கப் போறா?"

அச்சுக் கடைக்கு ஓடி, அங்கிருந்து சந்தைக்கு ஓடினான். மணி பதினொன்று ஐம்பத்தாறு. சரக்கு வாங்க மூன்று மாதம் சிலியில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பிய தோன்யா எவுசேபியா, உருண்டைத் தொப்பியும் அடுக்குப் பாவாடையுமாக நின்றிருந்தாள். பக்கத்தில் மாளிகையைக் கட்டப்போகும் மேஸ்திரி குமெர்சிந்தோ. என்னவோ அவர் முகமும் வெளிறித்தான் கிடந்தது. எதிரே பூசாரி தணலை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஆர்க்கி, கொண்டாங்க!" ஆர்க்கிடெக்டை அவள் சுருக்கிக் கூப்பிடுவது அப்படித்தான்.

"தோன்யா, மொதல்ல ஒரு விஷயம்..."

"மணி அடிக்கப் போகுது, என்ன விஷயம்?" என்று பிடுங்கிக்கொண்டாள்.

கோயில் மணி அடித்தது. பூசாரி படத்தை மூன்று சுற்று சுற்றினார். புகை விலகியதும் அவள் அதை விரித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வில்மர் மினிபஸ் கதவை மனசுக்குள் பிடித்துக்கொண்டான்.

"நெசத்தச் சொல்லட்டா ஆர்க்கி? படிச்ச புள்ள, சோப்பு டப்பா மாதிரி வெள்ளையா ஒன்னு கொண்டாந்து நிப்பீங்கன்னு பயந்தே போனேன்." அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இதுல எங்கம்மாவோட பாவாடைக் கலரெல்லாம் இருக்கு! மேஸ்திரி, கேட்டுக்கங்க. பூமித்தாய்க்குப் புகை காட்டியாச்சு. இனிமே படத்துல உள்ளபடிதான் கட்டணும். மாறிச்சுன்னா இடிச்சுப்புட்டுத் திரும்பக் கட்டணும்."

சொல்லிவிட்டு பேண்டுக்காரர்களைக் கூப்பிடப் போனாள். வில்மர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தான். அப்பாடா! ஒரு கணினி போனால் போகட்டும், முதல் கட்டடம் கிடைத்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் ஆர்க்கி! படம் வர்ற வரைக்கும் கைய வைக்காதேன்னு அந்தம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க, நான் கேக்காம மூணு மாடி எழுப்பிப்புட்டேன். மூணாவது ஒரு முழம் தள்ளிப் போச்சேன்னு சாகக் கெடந்தேன், அதக்கூட வுடாமப் படத்துல போட்டுட்டீங்களே!"