சொல்தாவின் மொட்டை மேப்பிள்

அன்று காலை மாடியில் இருந்தவர்கள்: சொல்தா. கீழ்வீட்டில் குடியிருக்கும் மாலதி அக்கா. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை. ஏசி மெக்கானிக்கான நான். நடுவில் ஒரு தொட்டி. அதில் முழங்கை உயரத்துக்கு ஒரு மேப்பிள் மரம். மரத்தில் ஒரு இலை கூட இல்லை.

புதுச்சேரியிலேயே மனிதர்களை "டேய்" என்றும் மரத்தை "நீங்க" என்றும் கூப்பிட்ட ஒரே ஆள் சொல்தாதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எங்கள் நெல்லித்தோப்பில் சொல்தா என்றால் இவர்தான். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

பிரான்சில் அவர் வேலை பார்த்த ஊரில் தெருவெல்லாம் மேப்பிள் மரமாம். மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வருஷம் ஒருமுறை போய்வருவார். போன வருஷம் இதயத்தில் கோளாறு என்று, இனி விமானம் ஏறக்கூடாது என டாக்டர் சொல்லிவிட்டார். மறுவாரமே பெங்களூர் போய் இந்தப் போன்சாயை வாங்கி வந்தார். பேருந்தில் ஜன்னல் சீட்டு மரத்துக்கு. கண்டக்டர் சண்டைக்கு வந்ததும், அரை டிக்கெட் எடுத்தார்.

"நான் அங்க போவ முடியாது. அது இங்க இருக்கட்டும்" என்றார். அந்த விஷயத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

லுங்கியோடு மரத்தின் முன்னால் நிற்கமாட்டார். பேன்ட் சட்டை, ஷூ போட்டுக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுவார். மாலதி அக்கா துணி காயப்போட வந்தால், "உதறாத, அவரு மேல தெளிக்குது" என்பார்.

"அவருக்கு ஒரு துண்டு குடுங்க, தொடச்சிக்கட்டும்" என்பாள் அக்கா.

கத்திரி வெயில் தொடங்கியது. இலை ஓரம் பழுத்தது. சுருண்டது. பத்து நாளில் எல்லாம் கொட்டிவிட்டது. விழுந்த இலைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார்.

வைத்தியம் தொடங்கியது. மாலதி அக்கா மண்ணின் மேல் ஐஸ் கட்டி வைத்தாள். அஞ்சலை மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். தெருப் பூனைகள் எல்லாம் மாடியில் குடியேறின. சொல்தா அடிமரத்தில் ஈரத்துணி சுற்றினார். உரம் போட்டார். போதவில்லை என்று மறுபடி போட்டார். அதுவும் சரிப்படாமல்தான் அன்று காலை என்னைக் கூப்பிட்டார்.

"டேய், அவர என் ரூமுக்குக் கொண்டாறேன். கூலிங் எவ்ளோ வருதுன்னு பாரு."

அவர் நெஞ்சு நோய்க்காகக் கத்திரிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த அறைக்கு ஏசி மாட்டியிருந்தேன். கீழே போய் ஆன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே அஞ்சலை கத்தினாள்.

"எவன்டா இங்க அடுப்ப மூட்டினது? காலு வேவுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏசியின் வெளி யூனிட் சூடாக ஊதிக்கொண்டிருந்தது. நேர் எதிரே மரம்.

மாடிப்படி அறைக்குப் பின்னால் நிழல் உண்டு. அவர் மரத்துக்காகத் தேடிப்பிடித்த இடம். யூனிட்டுக்கும் நிழல் நல்லது, குழாயும் மிச்சம் என்று நான் அங்கேயே மாட்டினேன். தொட்டியை நானே நாலடி தள்ளி எதிரே வைத்தேன். ஏசி ஓடுவது அவர் தூங்கும்போது. நாங்கள் மாடிக்குப் போவது விடிந்தபிறகு. பழி வெயில் மேல் விழுந்தது.

மூன்று பேரும் யூனிட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் வெச்சேன். தப்பு என்னுது" என்றேன்.

சொல்தா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"உயிரு இருக்கா பாரு" என்றார்.

எனக்குத் தெரிந்தது வயர்தான். உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க மேல்தோலைச் சுரண்டுவோம். அதுபோல நகத்தால் ஒரு கிளையைத் துளி சுரண்டினேன். பச்சை.

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இப்ப என்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது."

சூடேறி நின்றுபோன கம்ப்ரஸரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எரிந்துவிடும். நிறுத்தி ஆறவிட வேண்டும். மரத்துக்கும் அதைத்தான் சொன்னேன். ஐஸ் வேண்டாம், உரம் வேண்டாம், மீன் தண்ணீர் வேண்டாம். ஏசி அறையும் வேண்டாம். ஒரு கிளையும் வெட்ட வேண்டாம். காலை வெயில் கொஞ்சம், பிறகு நிழல். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

அன்றே யூனிட்டைக் கழற்றித் தெருப்பக்கச் சுவரில் மாட்டினேன். தொட்டி பழைய நிழலுக்குப் போனது.

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்கு வரவில்லை. நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். அஞ்சலை கூடையோடு மாடி ஏறினால் எழுந்து வழி மறிப்பார்.

"எங்கிட்ட தண்ணி இல்ல சொல்தா, மத்தி மீன்தான் இருக்குது."

"கூடைய எறக்கிக் காட்டு."

ஏசியையும் போடமாட்டேன் என்றார். "அவரு வெந்தாரு. எனக்கு மட்டும் குளிரு கேக்குதா?"

"சார், மாத்தி மாட்டிட்டேன்."

"அவரு தளிரு உடட்டும். அப்புறம் போடறேன்."

"நீங்க கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போயிட்டா அவருக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நீ ஊத்தாத. நீ ஐஸ் வெப்ப."

மூன்றாவது வாரம் அறையில் மயங்கி விழுந்தார். அக்காவும் நானும் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் விழித்ததும் மாடிச் சாவியை என் கையில் வைத்தார். வேறு யாரிடமும் தரவில்லை. கெடுத்தவனிடமே கொடுத்தார். அதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன்.

தினமும் காலையில் வார்டிலிருந்து போன் வரும்.

"என்னா நெலம?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னா? போயிட்டாரா?"

"இல்ல. பச்ச இருக்குது."

"அத மொதல்ல சொல்லணும், கழுத!"

ஆறாம் நாள் அவர் குரல் இறங்கியிருந்தது. நான் மாடியில் நின்றுகொண்டிருந்தேன். கிளை நுனிகளில் எறும்புத் தலை அளவுக்குச் சிவப்பு. முந்தின நாள் அது இல்லை.

"சார், மொளப்பு வந்துடுச்சி."

"எத்தினி?" என்றார்.

"இருங்க" என்று போனைச் சுவர் மேல் வைத்தேன். ஒரு வேலையை இரண்டு முறை பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. அன்று மூன்று முறை எண்ணினேன். அவர் லைனிலேயே இருந்தார்.

பதினேழு.