பிரேக் யார் பக்கம்

"மச்சான், நிஜத்தைச் சொல்லு. பிரேக்கை மிதிச்சியா இல்லையா?"

மச்சான் ஒருதரம் அக்காவைப் பார்த்தான். "மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு மாமா."

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாசல் கேட்டில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. கம்பெனி ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கார். அதன் பிரேக்கை வடிவமைத்த எஞ்சினியரே இந்த மாமாதான்.

"அவன் மேல தப்பே இல்ல," என்றாள் மனைவி. "உங்க கார் நிக்கல. என் தம்பிக்கு ஓட்டத் தெரியாதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்க, இந்த வீட்ல உங்களுக்குச் சோறு கிடையாது."

"கார் மேலதாம்மா தப்பு," என்று எஞ்சினியர் அவசரமாகத் தலையாட்டினார்.

உடனே மேனேஜரின் போன். "கேட்டுல இடிச்சிருச்சாமே. தப்பு யார் மேல? கார் மேலன்னா விற்பனையையே நிறுத்தணும். முதல்ல உங்க வேலை நிக்கும்."

எஞ்சினியர் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிக் குரலைத் தாழ்த்தினார். "ஓட்டினவன் மேலதான் சார். அவனுக்கு ஒரு எழவும் தெரியாது."

திரும்பினால், மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

யார் பக்கம் பேசுகிறோம் என்று அவருக்கே குழம்பிவிட்டது. "ஓட்டிப் பாத்துட்டே சொல்றேன்," என்று காரில் ஏறினார்.

பின்னால் எடுத்தபோது தெருவின் மேட்டில் கார் தானாகவே நின்றது. முன்னால் வந்தபோது பிரேக்கை மிதித்தார். பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றுவிட்டது. கார் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டுதான் ஓய்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தலை நிறைய சோப்பு நுரையோடு, துண்டைப் பிடித்தபடி வெளியே வந்தார். "சார், தண்ணி நின்னுடுச்சு."

"கார் நிக்கலியே," என்றார் எஞ்சினியர். இத்தனை வருஷம் ராப்பகலாக வரைந்த பிரேக். எங்கே கோட்டை விட்டோம் என்றே புரியவில்லை. இதே காரை நாளைக்கு ஊர் பேர் தெரியாத யாரோ ஓட்டுவார்கள் என்று நினைத்ததும் போனை எடுத்தார்.

"சார், ஓட்டினவன் மேல தப்பில்ல. டிசைன்தான் தப்பு. என் தப்பு. எல்லாக் காரையும் நிறுத்திடுங்க."

மேனேஜர் உடனே சொன்னார்: "நிறுத்திடறேன். உங்களையும் சேர்த்து."

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் கையைக் கிள்ளினாள்.

அதற்குள் தெருமுனை மெக்கானிக் காரை இழுத்துப்போக வந்துவிட்டான். டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து துழாவியவன், எதையோ பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"அக்கா, காலைல எங்க ஷெட்டைத் தாண்டி இந்தக் காரை ஓட்டிக்கிட்டுப் போனீங்களே, உங்க ஒத்தச் செருப்பு பிரேக்குக்கு அடியிலயே கிடந்துச்சு."