கயித்தாலை கட்டின நாலாம் மாடி

என்ரை வாழ்க்கையிலை நான் நல்லா யோசிச்சுச் செய்த வேலை ஒண்டே ஒண்டுதான். அதுதான் பிழையாப் போச்சுது. யோசிக்காமல் செய்ததெல்லாம், கலியாணம் உட்பட, ஏதோ ஒரு மாதிரி ஓடுது. (இதை ஆரும் என்ரை மனுசிக்கு வாசிச்சுக் காட்டிப்போடாதேங்கோ.)

எண்பத்தெட்டோ ஒன்பதோ, கொழும்பிலை தொடர்மாடியள் முளைக்கத் தொடங்கின நேரம். ஜேர்மனியிலை ஒரு சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்ரை அண்ணைக்கு ஒரு ஆசை. அதிலை ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால், கோப்பையைக் கழுவினது காணுமெண்டு ஊருக்கு வந்திடலாமாம். கட்டிடம் இன்னும் எழும்பேல்லை. நாலாம் மாடியிலை ரெண்டு வீடுதான் மிச்சம். தரகர் ஒருத்தர் கட்டிடப் படத்தையும் கொண்டு எங்கடை ஊர் சண்டிலிப்பாய்க்கே வந்திட்டார்.

அண்ணை போனிலை சொன்னார்: "தம்பி, நான் குளிருக்கை நிண்டு உழைச்ச காசு. வடிவாப் பாத்து எடு. உன்னைத்தான் நம்பியிருக்கிறன்."

(அண்ணை நம்பினதிலை எனக்கே கொஞ்சம் பயம்தான்.)

படத்தை விரிச்சால் நாயும் புலியும் விளையாடக் கீறின கோடு மாதிரிக் கிடக்கு. நான் படிச்ச மூண்டாம் வகுப்புக்கு அது பிடிபடேல்லை. தலைகீழாப் பிடிச்சன். கொஞ்சம் வடிவா இருந்தது.

"இது ரோட்டைப் பாத்த முன்வீடு, அது பின்வீடு. விலை ஒண்டுதான்" எண்டார் தரகர். "நாளைக்கு நான் ரயிலேற முதல் எதெண்டு சொல்லுங்கோ."

எனக்கெண்டால் ஒரே விடுப்பு, எல்லாத்தையும் அறியவேணும். அந்தரத்திலை இருக்கிற வீட்டிலை மனுசர் எப்பிடிப் புழங்கிறது? குசினியிலை நிண்டால் படுக்கையறை எவ்வளவு தூரம்? புகையிலை வெட்டி வெறுமையாக் கிடந்த தோட்டத்துக்குத் தரகரைக் கூட்டிக்கொண்டு போனன். அவர் அளவை வாசிக்க, நான் முளையடிச்சுக் கயிறு இழுத்து, ரெண்டு வீட்டையும் அச்சொட்டா நிலத்திலை கட்டிப்போட்டன். முன்வீடு ரோட்டுப்பக்கம், எங்கடை ஒழுங்கை வேலியோடை. பின்வீடு வயல்கரையோடை.

பக்கத்து வளவுச் செல்லத்துரை அண்ணை எட்டிப் பாத்தார். "என்னடாப்பா, மாட்டுக்கொட்டிலோ?"

"இல்லையண்ணை, கொழும்பு. நாலாம் மாடி."

"அப்ப கரையிலை நிக்காதை, விழுந்திடுவாய்."

மனுசி தேத்தண்ணியோடை நேரா வந்தாள்.

"இஞ்சாரும்! சுவருக்குள்ளாலை வாறீர்!"

"தேத்தண்ணி வேணுமெண்டால் சுவரைத் தள்ளி வையுங்கோ."

வாடகைக்கு விடுற வீடெண்டால் வாடகைக்காரனை வைச்சுத்தானே பாக்கவேணும்? மாமனாரைக் கூட்டிவந்து முதல் முன்வீட்டிலை இருத்தினன். உயர்ந்த கிடுகுவேலி, காத்து மருந்துக்கும் இல்லை. மாமா வேர்த்து ஒழுகினார். "இதுக்குள்ளை மனுசர் இருப்பினமோ?"

பின்வீட்டுக்கு மாத்தினன். வயல்காத்து அள்ளிக்கொண்டு வருது. மாமா பாயைப் போட்டார், குறட்டையும் விட்டார். எழுப்பினால் கோபம் வந்திட்டுது. "மருமோன், உந்த வீட்டுக்கு என்ன வாடகையெண்டாலும் குடுக்கலாம். என்னை விடும்."

எங்கடை ஊரிலையும் வீட்டுக்குப் பின்னாலை, கோடிப்பக்கம்தானே குளிர்ச்சி? தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீர் விக்கிற ஆள், இருக்கிறவனைக் கேட்டெல்லோ எடுக்கவேணும்" எண்டு மாமாவைக் காட்டி அவற்றை வாயை அடைச்சுப்போட்டன். பின்வீட்டை எடுத்தம்.

கட்டிடம் எழும்பினாப் போலை அண்ணை கொழும்புக்கு வந்தார். அதுக்குள்ளை சண்டையாலை ரயில் நிண்டுபோச்சு, நானும் வள்ளம், லொறி, பஸ் எண்டு மாறி மாறிப் போய்ச் சேர்ந்தன். அண்ணை பின்வீட்டைத் திறந்து, ஆசை ஆசையாப் பல்கனிக் கதவைத் தள்ளினார். முன்னுக்குப் பக்கத்துக் கட்டிடத்தின்ரை சுவர். அண்ணை கையை நீட்டித் தொட்டுப் பாத்தார்.

"தம்பி, காத்து எங்கையடா?"

"அது... சண்டிலிப்பாயிலை நிக்குதண்ணை."

அண்ணை சிரிக்கேல்லை. அந்த நேரம் பாத்து முன்வீட்டுக்காரன் கதவைத் திறந்தான். அவன்ரை வீட்டாலை கடல்காத்து வந்து என்ரை சாரத்தைத் தூக்கிச்சுது.

வீடு பாக்க வந்தவையெல்லாம் பல்கனியைத் திறந்தினம், மூடினம், போயிட்டினம். அண்ணை திரும்பிப் போய்க் கோப்பை கழுவினார். கடைசியிலை இழுப்புக்காரர் ஒருத்தர் மூச்சு வாங்க வாங்க வந்தார். "காத்துப் பட்டால் எனக்கு ஆகாது தம்பி. இப்பிடியொரு வீட்டைத்தான் தேடித் திரிஞ்சனான்." அந்த மனுசனைக் கும்பிடாத குறை. அவற்றை வாடகையிலைதான் அண்ணை கோப்பையை வைச்சிட்டு ஊருக்கு வந்தவர்.

அண்டையிலையிருந்து எங்கடை குடும்பத்திலை வீடு, கார், மாப்பிள்ளை எது எடுக்கிறதெண்டாலும் முதல் என்னைத்தான் கேப்பினம். நான் ஒண்டைச் சொல்லுவன். மற்றதை எடுப்பினம்.

போன வருசம் அண்ணையின்ரை மகள் கனடாவிலையிருந்து போன் எடுத்தாள். "சித்தப்பா, ரெண்டு வீட்டுப் படம் அனுப்பியிருக்கிறன். உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

நானும் எவ்வளவு காலத்துக்குத்தான் மொக்கனா இருக்கிறது? இந்தமுறை கெட்டித்தனமா, எனக்குப் பிடிக்காததைச் சொன்னன். அவளும் வழமைபோலை மற்றதை, எனக்கு உண்மையிலை பிடிச்ச வீட்டை, வாங்கினாள்.

முதல் மழையோடை நிலக்கீழ் அறை முழுக்க முழங்கால் தண்ணி. பிள்ளை இண்டைவரைக்கும் யோசிக்குது, இது எப்பிடிப் பிழையாப் போச்சுதெண்டு.