மாமனாரும் ஒரு ஓலெட் டிவியும்

ஒரு பொருளைப் பற்றிப் பத்து வீடியோ பார்த்துவிட்ட ஆணோடு கடைக்குப் போகக் கூடாது. அவன் வாங்க வரவில்லை, வகுப்பெடுக்க வந்திருக்கிறான். யாரையோ மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. டிவி வாங்கிய அந்த நாட்களில் நானே அப்படித்தான் அலைந்தேன். என்னோடு பொறுமையாகக் கடை ஏறி இறங்கியவர்களுக்கு இன்றைக்கும் நான் முகம் கொடுத்துப் பேசக் கூசுகிறேன்.

என் ஊர் கோவில்பட்டி. ஓசூர் சிப்காட்டில், வண்டி உதிரி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்டர். பெயின்ட்டில் ஊசிமுனை அளவு புள்ளி இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. (அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் உப்பு டப்பாவைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை என்பது மனைவியின் புகார்.)

மனைவி நிர்மலா அதே கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் இருந்தாள். காதல் கல்யாணம். அவளுக்கு ராயக்கோட்டை. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவள் அப்பா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு அவர் சம்மதிக்க ரொம்ப நாள் ஆனது. சம்மதித்த பிறகு ஒரு நாள்கூடக் குத்தலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத் தெலுங்கு வராது என்பதால், நான் அறைக்குள் நுழைந்தாலே மொத்தக் குடும்பமும் தமிழுக்கு மாறிவிடும், ஆம்புலன்ஸுக்கு வழி விடுகிற மாதிரி. அந்த மரியாதைக்கு நான் தகுதியானவன்தான் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

நிர்மலாவின் தங்கை ரம்யாவுக்குக் கல்யாணம் முடிந்து, வீடியோ கையில் வந்த சமயத்தில் எங்கள் பழைய டிவி படுத்துவிட்டது. எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடி அந்த வீடியோவைப் பார்ப்பதாக ஏற்கெனவே பேச்சு. அதற்குள் புது டிவி வேண்டும். நிர்மலாவும் நானும் கடைக்குக் கிளம்பினோம். தன் உரக்கடைக்குச் சரக்கு எடுக்க ஓசூர் வந்திருந்த மாமனாரும் சேர்ந்துகொண்டார்.

போகிற வழியெல்லாம் அவருக்கு நான் பாடம் எடுத்தேன்.

"எல்சிடின்னா பின்னாடி எப்பவும் ஒரு லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும் மாமா. அதனால கறுப்பு, கறுப்பா வராது. சாம்பல்தான். ஓலெட்ல பின்னாடி லைட்டே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கறுப்புன்னா அசல் கறுப்பு."

"அப்படிங்களா," என்றார்.

கடையில் ஓலெட் டிவிக்கு மட்டும் தனி அறை. சுவர் முழுக்கக் கறுப்புத் திரை. விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் ஓடவிட்டார்கள். இருட்டில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்தது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். என் காதலியைப் பார்த்தபோதுகூட இப்படி நின்றதில்லை. (அந்தக் காதலி பக்கத்திலேயே நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.)

வெளியே வந்ததும் மாமனார் நிதானமாகக் கேட்டார். "நம்ம ஹால் இப்படி இருட்டா இல்லீங்களே மாப்பிள்ளை. பால்கனி பக்கம் மத்தியானத்துக்கு மேல வெயில் அடிக்குது. குடும்பம் உக்காந்து பாக்கறதே பகல்லதான். அதுக்கு எதுக்கு இவ்வளவு கறுப்பு?"

நிர்மலாவும் சொன்னாள். "அந்த எல்சிடி வெளிச்சத்துல பளிச்சுனு தெரியுதுங்க. பெரிய சைஸா வேற கிடைக்கும். பசங்களுக்கும் அதுதான் சரி."

விற்பனைக்கு நின்ற பெண், "வீட்ல நியூஸ் சேனல் ரொம்ப நேரம் ஓடுமா சார்? ஓலெட்ல ஒரே எழுத்து ஓரத்துல நாள் முழுக்க நின்னா, கொஞ்ச நாள்ல அது தழும்பு மாதிரி படிஞ்சுடலாம்," என்றாள்.

மூன்று பேர். மூன்றும் நியாயமான பேச்சு. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவன் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. "கறுப்போட மதிப்பு எல்லாருக்கும் புரியாது மாமா," என்றேன். அவர் தலையாட்டினார். ஓலெட் எங்கள் வீட்டுக்கு வந்தது. விலையை இங்கே எழுதினால் நிர்மலா மறுபடி ஆரம்பித்துவிடுவாள்.

டிவி வந்த பிறகு நான் இன்னும் மோசமானேன். மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால் நியூஸ் சேனலைப் போட்டுவிட்டு உட்காருவார். அவருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. "ஒரே சேனல் அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம் மாமா, தழும்பு விழுந்துடும்," என்று அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினேன். "சரிங்க மாப்பிள்ளை," என்று எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது எழுதும்போது காது சூடாகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார், அத்தை, ரம்யா, அவள் கணவன் பிரசாந்த், அவனுடைய அப்பா அம்மா எல்லோரும் வந்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் ஹோட்டல் நடத்துகிறவர்கள். எங்கள் வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவை வருகிறார்கள். பிரசாந்த் பெங்களூரில் வேலை பார்க்கிறவன், கலகலப்பான ஆள். இந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த இன்னொரு மாப்பிள்ளை என்பதால், அவனை எப்படியாவது என் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு துடிப்பு.

பெரியவர்கள் சோபாவில், பெண்களும் பிள்ளைகளும் கீழே பாயில். நானும் பிரசாந்தும் பின்னால், சாப்பாட்டு மேஜை பக்கம் நின்றுகொண்டோம். பால்கனி வெயில் நேராக எங்கள் மேல் விழுந்தது. நாடகத்தில் முக்கியமான ஆள் மேல் லைட் அடிப்பார்களே, அப்படி.

வீடியோ ஓடியது. எனக்குப் பொழுது போகவில்லை. திரையில் மாமனார் வரும்போதெல்லாம் பின்னால் நின்று அவரைப் போலவே செய்துகாட்ட ஆரம்பித்தேன். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடக்கிற நடை. ஆட்களைப் பந்திக்குக் கூப்பிடும்போது கையை வீசுகிற வீச்சு. பிரசாந்த் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நான் உற்சாகத்தின் உச்சியில் இருந்தேன். கம்பெனி ஆண்டு விழாவில் மிமிக்ரி செய்து ஆறுதல் பரிசு வாங்கியவன் நான். (போட்டியில் கலந்துகொண்ட எல்லோருக்கும் ஆறுதல் பரிசு உண்டு.)

தாலி கட்டுகிற இடம் வந்தது. கேமரா மாமனார் முகத்துக்கு அருகே போனது. அவர் அழுதுகொண்டிருந்தார். அழகாக அழத் தெரியாத மனிதர். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, மூக்கை உறிஞ்சினார், தோளில் கிடந்த துண்டால் மொத்த முகத்தையும் ஒரே தேய்ப்பாகத் தேய்த்தார்.

நான் மேஜை மேல் கிடந்த கைப்பிடித் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். உதட்டை ஒரு பக்கம் இழுத்தேன். மூக்கை உறிஞ்சினேன். துணியை முகத்தில் வைத்துத் தேய்த்தேன். ரசிகனின் முகத்தைப் பார்த்துச் செய்வதுதான் கலைஞனுக்கு அழகு என்று பிரசாந்தைப் பார்த்தே செய்துகொண்டிருந்தேன்.

பிரசாந்தின் சிரிப்பு நின்றுவிட்டது. முகம் வெளுத்து, நேராக டிவியைப் பார்த்தான்.

நானும் திரும்பினேன்.

வீடியோ எடுத்தவருக்குக் கலையார்வம் அதிகம். அப்பாவின் அழுகையோடு அந்தக் காட்சியை மெல்ல இருட்டாக்கி, வெறும் நாதஸ்வரத்தை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருந்தார். ஓலெட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. எல்லாப் புள்ளிகளும் அணைந்துவிட்டன. சாம்பல் கிடையாது, அசல் கறுப்பு. அந்தக் கறுப்பின் நடுவில், வெயில் வெளிச்சத்தில், துளிகூட மங்காமல் நான் நின்றேன். கோணிய உதடு. மூக்கில் துணி. கீழே வரிசையாக எல்லோருடைய முகங்களும் தெரிந்தன. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாமனார். கண்ணாடியாகிவிட்ட திரைக்குள் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன.

பந்திக் காட்சி பளிச்சென்று வந்து என்னை அழித்தது. ஆனால் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

மாமனார் திரும்பவில்லை. "டிவி நல்லா தெளிவா இருக்குதுங்க மாப்பிள்ளை," என்றார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "தும்மல் வந்துச்சு மாமா," என்றேன். அது போதாது என்று ஒரு தும்மலும் தும்மிக் காட்டினேன். அந்தத் தும்மலை நினைத்தால்தான் இன்றும் அதிகமாகக் கூசுகிறது. சம்பந்தி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ரம்யா அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள், அத்தையும் தெலுங்கில் பதில் சொன்னார். அதில் 'அத்தம்' என்ற ஒரே வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. தெலுங்கில் கண்ணாடி. நான் அறைக்குள் இருந்தும் அவர்கள் தமிழுக்கு மாறாதது அதுதான் முதல் தடவை.

காபி போடுகிற சாக்கில் சமையலறைக்கு ஓடினேன். நிர்மலா பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நம்ம கல்யாணத்துல எங்கப்பா அழுதாரா, ஞாபகம் இருக்கா?"

"இல்ல. அழல."

"ஏன் அழலன்னு தெரியுமா? தான் அழுதா, இஷ்டமில்லாம பொண்ணைக் கட்டிக் குடுக்கறாங்கன்னு மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க தப்பா நினைச்சுக்குவாங்க, மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. மண்டபத்துல பல்லைக் கடிச்சுகிட்டு சிரிச்சுகிட்டே நின்னாரு. ரம்யா கல்யாணத்துல அழுதாரே, அதுல பாதி என் கல்யாணத்து அழுகைங்க."

பால் பொங்கியது. அணைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரமே ராயக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக மன்னிப்பு வசனத்தை மனப்பாடம் செய்தேன். கடையில் தக்காளி விவசாயிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மாமனார் அவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மாமா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன் மாமா."

அவர் கல்லா மேஜையைத் துண்டால் துடைத்தார். "பரவால்லீங்க. நடை எல்லாம் நல்லாவே பண்ணியிருக்கீங்கன்னு பிரசாந்த் சொன்னாரு. நான் கடைசிதான் பாத்தேன், அதுவும் கொஞ்சம்தான். எங்க, இப்ப ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

கோபமா, விளையாட்டா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊசிமுனைப் புள்ளி கண்டுபிடிக்கிற கண் அங்கே உதவவில்லை. எழுந்து நின்றேன். வேட்டி நுனியைப் பிடிக்கிற மாதிரி கையைக் கொண்டுபோனேன். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. உதட்டை இழுக்க வேண்டிய வேலையே இல்லாமல் அது தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூக்கையும் உறிஞ்ச வேண்டியதாயிற்று.

"வரலீங்களா," என்றார் அவர். "சரி, டீ குடிங்க." எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. எங்கள் பால்கனிக்குக் கெட்டியான திரைச்சீலை வந்துவிட்டது. அவர் வரும்போது நியூஸ் சேனல் நாள் முழுக்க ஓடுகிறது. எழுத்து படிந்தால் படியட்டும். ராயக்கோட்டை வீட்டுக்கு அவர் டிவி வாங்கியபோது, எது நல்லது என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். "உங்களுக்கு எது கண்ணுக்கு நல்லா இருக்கோ அது மாமா," என்றேன். எல்சிடிதான் வாங்கினார். தூக்கி வந்து சுவரில் மாட்டியதோடு என் பங்கு முடிந்தது.

ஆனால் குடும்பம் மறக்கவில்லை. என்னை யாரும் தங்களுக்குப் பின்னால் நிற்க விடுவதில்லை. குரூப் போட்டோ எடுக்கும்போது ஆறடி உயரமுள்ள நான் கீழே, சின்னப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்காருகிறேன். போன மாதம் குருபரப்பள்ளியில் ரம்யாவின் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். நான் தயங்கிக் கடைசி வரிசை நாற்காலி பக்கம் ஒதுங்கினேன். மாமனார் கூட்டத்துக்குள்ளிருந்து பார்த்துவிட்டார்.

"பெரிய மாப்பிள்ளை முன்னால வந்து உக்காரட்டும்," என்றார் சத்தமாக.

ரம்யாவும் பிரசாந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நிர்மலா குனிந்து புடவை மடிப்பைச் சரிசெய்தாள். நான் எல்லோரையும் தாண்டி முதல் வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பிரசாந்தின் பெரியப்பா என் முழங்காலைத் தட்டி, "பெரிய மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை குடுக்கற மாமனாரை நான் பாத்ததே இல்லீங்க," என்றார்.

"ஆமாங்க," என்றேன்.