என் பாதத்தை நானே முதுகில் சுமந்து படியேறிய விருத்தாந்தம்

டத்தோ கிராமாட், பினாங்கு
1924 ஆகஸ்டு, செவ்வாய்க்கிழமை

மகா கனம் பொருந்திய மச்சான் லாரன்ஸ் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை மார்த்தாவின் புருஷன் வில்லியம் குப்புறப் படுத்தபடி எழுதிக்கொண்டது. சேசு மரி சூசை மூவரும் தங்கள் தைப்பிங் வீட்டின்மேல் ஒரு கண் வைத்திருக்கட்டும். மறு கண்ணை என் முதுகின்மேல் வைக்கும்படி தாங்களும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளவும். இவ்விடம் யாவரும் க்ஷேமம், என்னைத் தவிர.

தங்கள் பேச்சைக் கேட்டு நான் பஸ்ரா சண்டைக்கு மூட்டை தூக்கும் படையில் போனதும், அங்கே எனக்குக் கொடுத்த பூட்ஸ் இரண்டுமே இடது கால் பூட்ஸாய் இருந்ததும் தாங்கள் அறிந்ததே. இப்போதோ சரக்குக் கிட்டங்கியில் நாள் முழுக்க நின்றபடி சாக்கு எண்ணும் உத்தியோகம். நின்றால் பாதம் எரிகிறது, பாதம் எரிந்தால் முதுகு இழுக்கிறது. பென்ஷன் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு ஒரு நாற்காலியில் உட்காருவேன், வேறு ஆசை எனக்கில்லை என்று மனுப் போட்டேன். பென்ஷன் ஆபீஸ் டாக்டர் துரை என் பாதத்தைத் தட்டிப் பார்த்து, "இது தட்டைப் பாதம், பிறவியிலேயே வந்தது. பாதத்தால்தான் முதுகு கெட்டது. ஆகையால் முதுகும் பிறவி. சண்டைக்குச் சம்பந்தமில்லை" என்றார். சண்டைக்குப் போகுமுன் பாதத்தில் வளைவு இருந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்கிறார். உள்ளங்காலை யார் மச்சான் போட்டோ பிடித்து வைப்பா? கல்யாணப் போட்டோவில்கூட நான் இரவல் பூட்ஸோடு நிற்கிறேன்.

இதைச் சாப்பாட்டுக் கடை சிக்கந்தரிடம் சொல்லி அழுதேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "என்னண்ணே, உங்க சந்துல மாதா சிலை வச்ச கெபி முன்னாடி சிமெண்டுல ஒரு பாதம் பதிஞ்சிருக்குல்லா, அது யாருது?" என்றான். மச்சான், எனக்குப் புல்லரித்துப் போச்சு! நான் கப்பலேறும் முந்தின நாள் சாயங்காலம், புதுசாய்ப் பூசின சிமெண்டு காய்வதற்குள், நாம் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மெழுகுதிரி ஏற்றப் போனோமே! அந்தப் பாதம்தான்! நடுவிலே ஒரு வளைவு பாருங்கள், அடியில் எலி ஓடலாம், அத்தனை அழகு. உடனே கடப்பாரையோடு போய்த் தோண்டினால், அடுத்த வீட்டு ஜூலியானா அக்கா ஓடி வந்து, "டேய் தம்பி, அர்ச்சிஷ்டவர் பாதத்தை ஏன்டா பேர்க்கிறே?" என்று கத்துது. "அர்ச்சிஷ்டவர் இல்லக்கா, என் பாதம்" என்றேன். "உன் பாதத்தையா நான் இத்தனை வருஷமா முத்தி செஞ்சேன்!" என்று முந்தானையால் வாயைத் துடைச்சு துடைச்சு, ரெண்டு நாளா அது சாப்பிடவில்லையாம்.

சரி, பலகை மாதிரி பேர்த்தெடுத்து மாட்டு வண்டியில் ஏற்றி ஆபீசுக்குப் போனால், ஆபீஸ் மாடியிலே. வண்டிக்காரன் மாட்டைத்தான் ஓட்டுவேன், கல்லைத் தூக்கமாட்டேன் என்று நின்னுட்டான். மூடுற நேரமாச்சே என்ற பதற்றத்தில், பஸ்ராவில் மாவு மூட்டை தூக்கின பழக்கத்தில், ஒரே எம்பில் முதுகில் ஏற்றி விறுவிறுவென்று படியேறி, துரை மேசைக்கு முன்னே தொம்மென்று வைச்சேன். துரை எழுந்துட்டார். "இதைத் தூக்கி வந்தது யார்?" "நானேதான் துரை, தனியாள்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிராணி தலையில் கை வைச்சுக்கிட்டான். எனக்கு அப்பவும் விளங்கலை. துரை சிரிச்சு முடிச்சு, முதுகு மனுவை அங்கேயே தள்ளுபடி பண்ணிட்டார். கீழே இறங்குறப்ப முதுகில் 'டக்'னு ஒரு சத்தம், அன்றிலிருந்து குப்புறக் கிடக்கேன். இதையாவது சேர்த்துக்குங்கன்னு ஆள் அனுப்பினால், "அது சண்டை முதுகு இல்லை, சிமெண்டு முதுகு" என்று பதில் வந்துச்சு.

ஆனாலும் மாதா கைவிடலை மச்சான். பாதத்தைத் துரை குனிந்து பார்த்து, நல்ல வளைவு என்று ஒத்துக்கிட்டார். பக்கத்தில் கிடந்த தட்டையான தடம் என்னவென்று கேட்டார், அது மேஸ்திரி பூச்சுப் பலகை வைத்த இடம் என்றேன். இது வில்லியம் பாதம்தான் என்று அன்று கூட இருந்த ஒருவர் வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சொன்னால், பாதத்துக்குப் பென்ஷன் உண்டாம். அந்த ஒருவர் தாங்களே. ஆகையால் இந்தக் கடிதத்தைத் தந்தியாகப் பாவித்து, ரயிலேறி பிறை ஸ்டேஷனுக்கு வந்து, படகு பிடித்து வந்து சேரவும். என் நாற்காலி தங்கள் நாக்கில் இருக்கிறது.

தங்கள் சம்சாரம் தங்கச்சிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்குப் படுத்தபடியே ஆசீர்வாதமும். பங்குச் சாமியாருக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
எழுந்து நிற்க முடியாத,
தொம்மை வில்லியம்

பின் குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி மார்த்தாவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போய்க் கல்லைப் பார்த்து வந்தாள். "கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளமா இருக்கு, அது எங்க அண்ணன் காலு. எங்க வீட்டில எல்லாருக்கும் அப்படித்தான். மேஸ்திரி பலகைன்னீங்களே, அதுதான் உங்க காலு" என்கிறாள். ஆகையால் தாங்கள் வர வேண்டாம். வேறு ஜோலியாய்ப் பினாங்கு வந்தாலும் அந்த ஆபீஸ் பக்கம் பூட்ஸைக் கழற்ற வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது: இவ்வளவு நல்ல பாதத்தை வைத்துக்கொண்டு, மச்சான், சண்டைக்கு என்னை ஏன் அனுப்பினீர்கள்?